மடக்காத டாண்டோ கத்திக்கு எந்த எஃகு: எஸ்கே-5, விஜி-10 சான் மாய், 3வி?

ஆரிகன்காரன்:

வணக்கம். மடக்காத டாண்டோ, அதாவது முனையைக் கோணமாக வெட்டிய கத்தி ஒன்று வாங்கப் போகிறேன். வடிவத்தில் குழப்பம் இல்லை. கோல்ட் ஸ்டீலின் ரீகான் டாண்டோ ரொம்ப நாளாக மனதில் இருக்கிறது. அலகு 7 அங்குலம், முதுகு 5 மில்லிமீட்டர். குழப்பம் எல்லாம் எஃகில்தான். இந்த ஒரே கத்தி எஸ்கே-5, நடுவில் விஜி-10 வைத்த சான் மாய் (மூன்று அடுக்கு எஃகு), சிபிஎம் 3வி என்று மூன்று எஃகில் வந்திருக்கிறது. பழைய ஏயூஎஸ்-8 கத்திகளும் செகண்ட் ஹேண்டில் கிடைக்கின்றன. இது போக, போர்ட்லாந்தில் ஒரு கத்திக் கொல்லர் ஏறக்குறைய இதே அளவில் 1095 என்ற கார்பன் எஃகில் ஹமோனோடு (வாயை ஒட்டி ஓடும் மேகம் போன்ற கோடு) அடித்துத் தருகிறேன் என்கிறார்.

என் உபயோகம் இது: ஆரிகன் கடலோரக் காட்டில் கூடாரம் போட்டுத் தங்குவேன். அக்டோபரில் பிடிக்கிற மழை அங்கே மே வரை லேசில் விடாது. நனைந்த விறகுக்குள் காய்ந்த பாகம் இருக்கும், அதை எடுக்கக் கட்டையைப் பிளக்க வேண்டும். கத்தியைக் கட்டை மேல் வைத்து முதுகில் இன்னொரு கட்டையால் தட்டுவேன். அப்புறம் தீ மூட்டச் சீவல் சீவுவது, கயிறு, தார்ப்பாய், எப்போதாவது மீன். கத்தி ஈர உறைக்குள்ளேயே இரண்டு மூன்று நாள் கிடக்கும், அதையும் சொல்லிவிட வேண்டும்.

விலை வித்தியாசம் தெரியும். கொடுக்கிற காசுக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் தெரிய வேண்டும்.

சாணைக்கல்:

எஃகுக்கு முன்னால் வடிவத்தை ஒரு தடவை நன்றாகப் பாருங்கள். அமெரிக்க டாண்டோவில் முதுகின் தடிமன் முனைக்குக் கிட்ட வரை குறையாமலே போகிறது. முனை உடைந்துவிடுமோ என்ற கவலை மற்றக் கத்திகளை விட இதில் குறைவு. மெல்லிய முனை உள்ள கத்தியில் எஃகு தர வேண்டிய வலுவை இங்கே வடிவமே தந்துவிடுகிறது. ஆகவே 'டாண்டோ என்றால் முனைக்காகவே மிகத் திடமான எஃகு வேண்டும்' என்று எழுதுகிறவர்கள் கத்தியின் தப்பான இடத்தைப் பார்க்கிறார்கள்.

அடி வாங்குவது மூலை. நேர் வாயும் முனை வாயும் சேர்கிற அந்தக் கோணம். இழுத்து அறுக்கும்போது பாரம் எல்லாம் கடைசியில் அந்த ஒரு புள்ளியில் போய் நிற்கும். கட்டையைப் பிளக்கும்போது கத்தி கோணலாகப் போனால் முடிச்சில் முதலில் மாட்டுவதும் அதுதான். எஃகு மிருதுவாக இருந்தால் மூலை மழுங்கும், நொறுங்குகிற ஜாதியாக இருந்தால் அங்கே ஒரு பல் விழும். இரண்டும் நடக்காமல் நடுவில் நிற்கிற எஃகு எது என்று கேட்டால் பேச்சு ஒரு பக்கம் வரும்.

என் பங்குக்குச் சொல்கிறேன்: எஸ்கே-5 போதும். கார்பன் 0.8-லிருந்து 0.9 சதவீதம், பெரிய சமாச்சாரம் ஏதும் கலக்காத சாதாரண கார்பன் எஃகு. அமெரிக்கக் கணக்கில் 1080, 1084 பக்கத்தில் வரும். ஜப்பானியத் தரக் கணக்கில் இப்போது இதன் பெயர் எஸ்கே85. எந்தக் கல்லிலும் தீட்டலாம். காட்டில் மூலை மழுங்கினால் அங்கேயே உட்கார்ந்து பத்து நிமிடத்தில் திரும்பக் கொண்டுவரலாம்.

புதுக்கத்தி:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். டி2 ஏன் பட்டியலில் இல்லை? குறைந்த விலையில் நிறைய டாண்டோக்கள் டி2-வில் வருகின்றன. 60 ராக்வெல் என்று போட்டிருக்கிறார்கள். கடினம் அதிகம் என்றால் நல்லதுதானே?

கோவை டூல்ரூம்:

@புதுக்கத்தி, தம்பி, இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். எங்கள் பிழைப்பே டை எஃகுதான். பட்டறையில் பஞ்ச், டை எல்லாம் ஓஎச்என்எஸ்ஸிலும் (எண்ணெயில் தோய்த்துக் கடினமாக்கும் எஃகு) டி2-விலும்தான் செய்கிறோம். டி2 மேல் எனக்கு மரியாதை உண்டு. தகடு வெட்டுகிற டைக்கு அதைப் போல ஒன்று இந்த விலையில் கிடையாது. அது தாங்குவது உராய்வை. பக்கவாட்டு அடியைத் தாங்காது.

காரணம் உள்ளே இருக்கிறது. டி2-வில் கார்பன் 1.5 சதவீதம், குரோமியம் 12 சதவீதம். உருக்கி வார்த்து மெதுவாக ஆறும்போது குரோமியமும் கார்பனும் சேர்ந்து பெரிய பெரிய கார்பைடு கட்டிகளாகிவிடும். கத்தியின் வாய் ஓரம் ஒரு மைக்ரானுக்கும் குறைவாகத் தீட்டப்படுகிறது, இந்தக் கட்டிகளோ பத்து இருபது மைக்ரான், சில அதற்கும் மேலே. வாயில் அடி விழும்போது கட்டி பெயர்ந்து வந்தால் அந்த இடம் பள்ளம். கத்தி பல் விழுந்தது என்று சொல்கிறோமே, பாதி நேரம் அது இதுதான்.

கடினம் வேறு, அடி தாங்குவது வேறு. குருசிபிள் நிறுவனத்தின் தகவல் தாளில் மூன்று எஃகையும் ஒரே 60 ராக்வெல்லில் வைத்துச் சுத்தியால் அடித்து உடைத்த கணக்கு இருக்கிறது. டி2 21 அடி-பவுண்டு, ஏ2 40, 3வி 70. கடினம் மூன்றுக்கும் ஒன்றேதான். உடைக்கத் தேவைப்பட்ட அடி மட்டும் மூன்று மடங்குக்கு மேல் மாறுகிறது. 60 ராக்வெல் என்ற எண்ணை மட்டும் பார்த்துக் கத்தி வாங்கக்கூடாது என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

டி2 கத்தி வாங்காதே என்று சொல்லவில்லை. அட்டை, கயிறு, தோல் அறுக்கிற சின்னக் கத்திக்கு அருமையாக நிற்கும். 7 அங்குல டாண்டோவை மரத்தில் வைத்துத் தட்டப்போகிறவருக்கு வேண்டாம்.

புதுக்கத்தி:

புரிந்தது அண்ணா. நன்றி. அப்படியானால் 3வி-யில் கட்டிகள் இல்லையா?

கோவை டூல்ரூம்:

இருக்கின்றன, ஆனால் பொடிப்பொடியாக. 3வி-யில் கார்பன் 0.8, குரோமியம் 7.5, மாலிப்டினம் 1.3, வனேடியம் 2.75 சதவீதம். உருகிய எஃகை வாயுவால் பீய்ச்சித் தூளாக்கி, அந்தத் தூளை டப்பாவில் அடைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் கெட்டியாக்குகிறார்கள். ஒவ்வொரு துகளும் கண் இமைக்கும் நேரத்தில் ஆறிவிடுவதால் கட்டி வளர நேரமே இல்லை. சிபிஎம் என்ற முன்னெழுத்து அந்தத் தூள் முறையைத்தான் குறிக்கிறது. வனேடியம் கார்பைடு குரோமியம் கார்பைடை விட ரொம்பக் கடினம், ஆகவே கொஞ்சம் இருந்தாலே தேய்மானம் நன்றாகக் குறையும். கூர் நிற்பதில் டி2-வோடு ஒட்டி நிற்கும், அடி தாங்குவதில் எங்கேயோ இருக்கும்.

@சாணைக்கல் கேட்ட 'நடுவில் நிற்கிற எஃகு' இது என்பது என் எண்ணம். மூலை மழுங்கவும் நேரம் எடுக்கும், உடையவும் உடையாது.

சாணைக்கல்:

3வி மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் வனேடியம் கார்பைடு சாதாரண அலுமினியம் ஆக்ஸைடு கல்லை விடக் கடினமானது. கல் எஃகைத் தேய்க்கும், கார்பைடைத் தேய்க்கத் திணறும். 3வி-யில் வனேடியம் கம்மி என்பதால் சாதாரணக் கல்லிலும் ஒப்பேற்றலாம், நேரம் ஆகும். வைரத் தகடு இருந்தால் தொல்லை இல்லை. காட்டுக்குப் போகிறவர் பையில் வைரத் தகடு இருக்கிறதா என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

செக்கிவாசி:

நான் வேலை நிமித்தமாகக் கிஃபு மாகாணத்தில் இருக்கிறேன். செக்கி ஊர் பக்கத்தில்தான். இந்த ஊர் வாள் கொல்லர்களுக்கும் இன்றைய கத்தி ஆலைகளுக்கும் பேர் போனது. டாண்டோ என்று பேசும்போது இங்கே உள்ள டாண்டோவைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல ஆசை, எஃகுத் தேர்வுக்கு அதில் சேதி இருக்கிறது.

ஜப்பானிய டாண்டோ என்றால் ஒரு ஷாக்குவுக்குள், அதாவது 30.3 சென்டிமீட்டருக்குள் அலகு உள்ள குறுவாள். பெரும்பாலானவை ஹிரா-சுக்குரி, அதாவது முதுகிலிருந்து வாய் வரை தட்டையாக ஒரே சரிவு. அதில் மூலையே கிடையாது. வாய் வளைந்து முனைக்குப் போய்ச் சேரும். நீண்ட வாள்களின் முனையில் யோக்கோத்தே என்று ஒரு குறுக்குக் கோடு இருக்கும். அதைப் பார்த்துத்தான் அமெரிக்காவில் முனையைக் கோணமாக வெட்டினார்கள். பாப் லம் போன்ற கத்திக் கலைஞர்கள் செய்தார்கள், 1980-களில் கோல்ட் ஸ்டீல் அதை உலகம் பூராவும் கொண்டுபோனது. வாளில் அந்தக் கோட்டின் இரு பக்கமும் வாய் ஒரே ஓட்டமாகத்தான் வளைந்து போகும். சாணைக்கல் சொல்கிற மூலைப் பிரச்சினை அமெரிக்க டாண்டோவுக்கே உரியது.

முனையின் வலுவைப் பற்றி அவர் சொன்னதற்கு இங்கேயும் ஒரு சாட்சி உண்டு. யொரோய்-தோஷி என்று ஒரு வகை டாண்டோ, கவசத்தைத் துளைக்கச் செய்தது. அலகு சின்னது, முதுகு மட்டும் அசாத்தியத் தடிமன். அந்தக் காலக் கொல்லரிடம் இருந்த எஃகு ஒன்றேதான், இரும்பு மணலை தத்தாரா உலையில் கரியோடு உருக்கி எடுத்த தமஹகானே. வலு வேண்டும் என்றால் அவர் எஃகை மாற்ற வழியில்லை, தடிமனைத்தான் மாற்றினார். அந்த எஃகில் கார்பன் தவிர கலப்பு கிட்டத்தட்ட இல்லை. அதனால்தான் மண் பூசித் தண்ணீரில் தோய்த்தால் வாய் மட்டும் கடினமாகி, முதுகு மிருதுவாக நின்று, இரண்டுக்கும் நடுவில் மேகம் போல ஹமோன் விழுகிறது.

ஆரிகன்காரன், உங்கள் கொல்லர் 1095 சொல்வதற்கும் இதே காரணம்தான். மாங்கனீசு குறைவான எஃகு மேலோட்டமாகத்தான் கடினமாகும், அதில்தான் நல்ல ஹமோன் வரும். 5160, 52100, டி2, 3வி எல்லாம் மெதுவாக ஆறினாலும் உள்ளே வரை கடினமாகிற ஜாதி. அவற்றில் நல்ல ஹமோன் எதிர்பார்க்கக் கூடாது. கடையில் சில டாண்டோக்களில் அமிலத்தில் அரித்து ஹமோன் மாதிரிக் கோடு போட்டிருப்பார்கள், அதற்கும் கடினத்துக்கும் சம்பந்தம் இல்லை.

ஆரிகன்காரன்:

செக்கிவாசி, மிக்க நன்றி. இந்த விவரம் எனக்குப் புதிது. கொல்லரிடம் ஹமோன் எப்படி எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். மண் பூசித்தான் என்றார், ஆனால் தண்ணீரில் தோய்ப்பதில்லையாம், வேக எண்ணெய் என்றார். அது சரியா?

அப்புறம் சான் மாய். பெயரைக் கேட்டாலே ஜப்பானிய வாள் ஞாபகம் வருகிறது. மூன்று அடுக்கு என்றால் மூன்று மடங்கு வலு என்கிற தொனியில்தான் எங்கும் எழுதுகிறார்கள்.

கோவை டூல்ரூம்:

எண்ணெய் சரிதான். ஆனால் எந்த எண்ணெய் என்பதில் எல்லாம் இருக்கிறது. 1095-ஐ 800 டிகிரி செல்சியஸ் அளவில் காய்ச்சி எடுத்தால், 540 டிகிரிக்குக் கீழே கொண்டுபோக ஒரு நொடி கூட அவகாசம் கிடையாது. பிந்தினால் பியர்லைட் என்கிற மிருதுவான அமைப்பு ஆகிவிடும், கடினம் வராது. எங்கள் ஓஎச்என்எஸ்ஸுக்குப் பல நொடி அவகாசம் உண்டு, டி2-வைக் காற்றிலேயே ஆறப்போடலாம். அதனால்தான் பழைய மோட்டார் எண்ணெயில் 1095-ஐத் தோய்த்துவிட்டுக் கடினம் வரவில்லை என்று நிறையப் பேர் திண்டாடுகிறார்கள். அதற்கென்றே விற்கிற வேக எண்ணெய் அவரிடம் இருக்கிறது என்றால் வேலை தெரிந்தவர்.

அவரிடம் நான் கேட்கச் சொல்வது இரண்டு கேள்வி. உலையில் சூட்டை எதை வைத்து அளக்கிறீர்கள்? காந்தம் ஒட்டாத சூடு என்று மட்டும் சொன்னால் அது 770 டிகிரி, 1095-க்கு இன்னும் கொஞ்சம் மேலே போக வேண்டும். அதற்காக நிறையப் போனால் குருணை பெருத்து எஃகு நொறுங்க ஆரம்பிக்கும். கண் மதிப்பில் இந்த இடைவெளியைப் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அளவுக் கருவியோடு கூடிய மின் உலை இருந்தால் எனக்கு நிம்மதி. இரண்டாவது, பதத்துக்கு, அதாவது கடினமாக்கிய பிறகு நொறுங்காமல் இருக்கத் திரும்பச் சூடாக்குவதற்கு, எத்தனை டிகிரியில் எவ்வளவு நேரம் வைக்கிறீர்கள்? 200 டிகிரியை ஒட்டி, ஒவ்வொரு தடவையும் இரண்டு மணி நேரமாக இரண்டு தடவை என்று பதில் வந்தால் தாராளமாகக் கொடுங்கள்.

கத்தி கைக்கு வந்ததும் ஒரு பரிசோதனை செய்யலாம். கால் அங்குலப் பித்தளைக் கம்பியை வைஸில் படுக்க வைத்து இறுக்குங்கள். வாயைக் கம்பி மேல் சாய்வாக வைத்து லேசாக அழுத்தி இழுங்கள். பின்னால் வெளிச்சம் இருந்தால் வாயின் ஓரம் கம்பி மேல் சின்னதாக வளைந்து போவது கண்ணுக்குத் தெரியும். கம்பியைத் தாண்டியதும் வளைவு திரும்ப நேராகிவிட்டால் பதம் சரி. வளைந்தபடியே நின்றால் மிருது, பல் விழுந்தால் பதம் குறைச்சல். எந்த எஃகுக்கும் இது பொருந்தும், கருவி எதுவும் வேண்டாம். ஆனால் வாய் மெல்லியதாக இருந்தால்தான் செய்ய முடியும். தடித்த வாயில் ஒன்றும் தெரியாது.

சாணைக்கல்:

சான் மாய் பற்றி நான் சொல்கிறேன். நடுவில் விஜி-10, இரு பக்கமும் 420ஜே2 என்கிற மிருதுவான துருப்பிடிக்காத எஃகு. விஜி-10 தக்கெஃபு ஆலையின் எஃகு, ஃபுக்குயி மாகாணம். கார்பன் 1, குரோமியம் 15, கோபால்ட் 1.5 சதவீதம். நல்ல சமையலறைக் கத்திகளில் ஏராளமாகப் பார்க்கலாம்.

அடுக்குகள் என்ன செய்கின்றன என்றால், கத்தியை வைத்து நெம்பினால் அலகு சட்டென்று முறியாமல் வளைந்து கொடுக்கும். உடம்புக்குக் கவசம். ஆனால் வாய் என்பது முழுக்க முழுக்க நடு அடுக்குதான். வாயில் அடி விழும்போது பக்க அடுக்கு அதற்கு உதவிக்கு வராது, அங்கே அது இல்லவே இல்லை. விஜி-10 தனியாக எப்படிப் பல் விழுமோ அப்படித்தான் சான் மாயிலும் விழும். அடி தாங்குவதில் விஜி-10 ஒன்றும் பெரிய ஆள் இல்லை. எனவே மூன்று மடங்கு வலு என்பதை முதுகுக்கும் உடம்புக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மூலைக்கு அல்ல.

அதன் உண்மையான பலம் துருதான். ஈர உறைக்குள் இரண்டு நாள் கிடந்தாலும் கவலை இல்லை. உங்கள் பட்டியலில் அந்த ஒரு விஷயத்தில் சான் மாயை மற்ற இரண்டும் நெருங்க முடியாது.

பினாங்கு மழை:

துரு என்றதும் எழுத வந்தேன். நான் பினாங்கில். இங்கே வருடம் முழுக்கப் புழுக்கம், கடல் காற்று வேறு. தோட்டத்துக்குப் பாராங் (மலாய் வெட்டுக்கத்தி), ஒரு கார்பன் எஃகு டாண்டோ என்று இரண்டும் வைத்திருக்கிறேன். கார்பன் எஃகு இங்கே இருக்க முடியாது என்பது பொய். ஆனால் அதற்கு வேலை செய்ய வேண்டும்.

முதலில், தோல் உறையில் வைத்துப் போகக்கூடாது. தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பதனிட்ட உப்பும் சேர்ந்து ராத்திரியோடு ராத்திரியாக வாய் ஓரம் ஆரஞ்சுப் புள்ளிகள் போட்டுவிடும். துடைத்தால் புள்ளி போகும், அதன் அடியில் ஊசி முனை அளவு குழி நிற்கும். அந்தக் குழி வாயில் விழுந்தால் அது ஒரு பல்தான். பிளாஸ்டிக் உறை என்றால் கீழே தண்ணீர் வடிகிற ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, கத்தியைக் கறுக்க விடுங்கள். வெங்காயம், எலுமிச்சை, மாங்காய் என்று வெட்ட வெட்ட நீலச் சாம்பல் நிறம் ஏறும். சீக்கிரம் வேண்டும் என்றால் சூடான வினிகரில் கொஞ்ச நேரம் முக்கி எடுக்கலாம். கறுத்த மேல் தோல் செந்துருவைத் தடுக்காது, தாமதப்படுத்தும். எஸ்கே-5 கத்தியில் கறுப்புப் பூச்சு வருகிறது, அது அலகைக் காப்பாற்றும். ஆனால் வாய் எப்போதும் வெறும் எஃகுதான், துரு அங்கேதான் ஆரம்பிக்கும்.

3வி பற்றிப் பேசுகிறவர்கள் அதுவும் துருப்பிடிக்கும் என்பதை அமுக்கி வாசிக்கிறார்கள். 7.5 சதவீதக் குரோமியத்தை வைத்துக்கொண்டு கடலோரத்தில் அலட்சியமாக இருக்க முடியாது.

செக்கிவாசி:

இங்கே கத்திக்குக் கேமெலியா எண்ணெய் போடுவார்கள், கடைகளில் அதற்கென்றே சின்னப் புட்டியில் விற்கும். வாளுக்கு என்றால் கிராம்பு வாசனையுள்ள எண்ணெய். சமையலுக்கும் கத்தியை உபயோகிக்கிறவர்கள் சாப்பாட்டுக்கு ஆகும் மினரல் எண்ணெய் போட்டால் போதும். சமையல் எண்ணெய் வேண்டாம், நாள் போனால் பிசுபிசுவென்று கெட்டியாகிவிடும்.

கோவை டூல்ரூம்:

@பினாங்கு மழை சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், 3வி துருப்பிடிக்கும். கூடவே ஒன்று. டி2-வில் 12 சதவீதம் குரோமியம் இருந்தும் அது துருப்பிடிக்காத எஃகு ஆகாததற்குக் காரணம், குரோமியத்தில் பெரும் பங்கு கார்பைடுக்குள் மாட்டிக்கொள்கிறது. துருவைத் தடுப்பது எஃகின் உடம்பில் கரைந்திருக்கிற குரோமியம் மட்டும்தான். 3வி-க்கும் அதே கணக்கு. தொழிற்சாலைக் கருவிகளுக்குச் சொல்கிற முறைப்படி 540 டிகிரியில் பதம் போட்டால் கரைந்திருந்த குரோமியத்தில் கொஞ்சம் வெளியே வந்துவிடும். கத்திக்காரர்களில் சிலர் 200 டிகிரியை ஒட்டிப் பதம் போடுவது அதைத் தவிர்க்கத்தான். துரு தாங்குவதில் அதில் ஒரு படி முன்னேற்றம் இருக்கிறது. ஆலைக் கத்தியில் எந்த முறை என்று நாம் தேர்ந்தெடுக்க முடியாது, கொல்லரிடம் செய்யச் சொன்னால் கேட்கலாம்.

புதுக்கத்தி:

மேக்னாகட்? அது துருவும் பிடிக்காது, அடியும் தாங்கும் என்கிறார்களே.

சாணைக்கல்:

உண்மைதான். லாரின் தாமஸ் வடிவமைத்து 2021-ல் வந்த எஃகு. குரோமியம் 10.7 சதவீதம்தான், ஆனால் குரோமியம் கார்பைடே உண்டாகாதபடி கலவையை அமைத்திருக்கிறார். மேலே கோவை அண்ணன் சொன்ன கணக்குப்படி குரோமியம் பூராவும் துருவைத் தடுக்கிற வேலைக்குக் கிடைத்துவிடுகிறது. கார்பைடு எல்லாம் வனேடியமும் நியோபியமும்தான், அதுவும் பொடியாக. அடி தாங்குவதில் 3வி அளவுக்கு வராது, ஆனால் விஜி-10-ஐ எங்கேயோ விட்டுவிடும். ஆரிகன்காரன் கேட்ட மூன்றில் அது இல்லை, அவ்வளவுதான். கையால் செய்கிறவரிடம் கொடுத்து டாண்டோ செய்யச் சொல்வதானால், ஈரத்தில் உழைக்க நானே முதலில் அதைத்தான் சொல்வேன்.

இந்தச் சமயத்தில் இன்னொன்று. சிபிஎம் எஃகுகள் செய்த குருசிபிள் நிறுவனம் 2024 டிசம்பரில் திவால் மனு கொடுத்துவிட்டது. அதற்குப் பிறகு எராஸ்டீல் அதன் எஃகு உரிமைகளை வாங்கியது. 3வி இனிமேல் கிடைக்காது என்று சிலர் அவசரப்படுத்தி விற்கிறார்கள், அதற்கு மயங்க வேண்டாம்.

பினாங்கு மழை:

பழைய ஏயூஎஸ்-8 ரீகான் டாண்டோ பற்றி யாரும் பேசவில்லையே. கார்பன் 0.7 சொச்சம், குரோமியம் 13, 14 சதவீதம். துரு கிட்டே வராது, எந்தக் கல்லிலும் தீட்டலாம். கூர் சீக்கிரம் போகும், ஆனால் அடித்தால் நொறுங்குவதை விட மடங்குகிற ஜாதி. மடங்கினதைத் திரும்ப நிமிர்த்திக்கொள்ளலாம். குறைந்த விலையில் நல்ல நிலையில் கிடைத்தால் விடக்கூடாது என்பது என் கட்சி.

சாணைக்கல்:

நல்ல கருத்து. தீட்டுகிறவனுக்கு அதில் ஒரு சங்கடம் மட்டும் உண்டு, தீட்டும்போது வாய் ஓரத்தில் நிற்கிற பிசிறு லேசில் உதிராது. கடைசியில் கையை ரொம்ப லேசாக வைத்துப் பக்கத்துக்கு ஓர் இழுப்பு என்று மாற்றி மாற்றி இழுத்துத்தான் எடுக்க வேண்டும். டாண்டோவில் மூலையில் ஒட்டிய பிசிறு தனியாக நின்றுகொள்ளும். விரல் நகத்தை வாயின் குறுக்கே மெல்ல இழுத்துப் பார்த்தால் மாட்டும்.

கோவை டூல்ரூம்:

லாரிப் பட்டையைப் பற்றி யாராவது கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். நம் ஊர்க் கொல்லர்கள் அரிவாளுக்கு லாரிப் பட்டை எடுப்பது சும்மா இல்லை. ஸ்பிரிங் எஃகு அடி தாங்குவதில் முதல் வரிசை. அமெரிக்காவில் 5160 என்பதும் அதே குடும்பம், கார்பன் 0.6 சதவீதத்தை ஒட்டி, குரோமியம் 0.8-ஐ ஒட்டி. 1095-ஐ விட அடி தாங்குவதில் 5160 நல்ல தூரம் முன்னால், ஏனென்றால் கார்பன் கூடக் கூட எஃகு நொறுங்கும் பக்கம் போகிறது. ஆனால் ஓடிக் களைத்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கலாம். அரிவாளுக்குத் தடிமன் இருக்கிறது, தாங்கிக்கொள்ளும். காசு கொடுத்துச் செய்கிற டாண்டோவுக்குப் புதுப் பட்டையே வாங்குங்கள், எஃகு விலை மொத்தச் செலவில் ரொம்பச் சின்னப் பங்கு.

ஆரிகன்காரன், போர்ட்லாந்துக் கொல்லரிடம் ஹமோன் வேண்டாம், உழைப்பு வேண்டும் என்று சொன்னால் 5160 அல்லது 80சிஆர்வி2 கொடுப்பாரா என்று கேட்டுப் பாருங்கள். விறகு பிளக்கிற கத்திக்கு 1095-ஐ விட அவை பொருத்தம்.

ஆரிகன்காரன்:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நான் கேட்டதை விட அதிகமாகவே கிடைத்தது.

முடிவு இது. காட்டுக்கு 3வி ரீகான் டாண்டோ. நான் கட்டையைப் பிளக்கிறவன், என் கத்தியில் முதலில் போகிறது மூலைதான் என்று சாணைக்கல் சொன்னது எனக்கு அப்படியே பொருந்துகிறது. என்னிடம் உள்ள வேறொரு கத்தியில் வாயின் முன் பாகத்தில்தான் எப்போதும் பல் விழுகிறது. துருவுக்கு எண்ணெயும் துணியும் வைத்துக்கொள்வேன், கடலோரம் போய் வந்த அன்றே உறையையும் கழுவிக் காயவைப்பேன். எஸ்கே-5-ஐ விடக் கூடுதலாகப் போகிற காசு, நாள் கடைசியிலும் வாய் ஒழுங்காக இருப்பதற்கு என்று எடுத்துக்கொள்கிறேன்.

கொல்லரிடம் 1095 வேலையையும் விடவில்லை. ஆனால் அமெரிக்க வடிவம் வேண்டாம், செக்கிவாசி சொன்ன ஹிரா-சுக்குரியில், மூலை இல்லாமல், வீட்டில் வைத்துக்கொள்ளச் சின்னதாக ஒன்று. சூட்டைப் பற்றிக் கேட்டேன், அளவுக் கருவியோடு மின் உலை வைத்திருக்கிறார். பதம் 200 டிகிரியில் இரண்டு தடவை. கோவை அண்ணன் சொன்ன பதில் அப்படியே வந்தது!

கடைசியாக ஒரே ஒரு கேள்வி. 3வி டாண்டோவை முதல் தடவை தீட்டும்போது கோணம் எவ்வளவு வைக்கலாம், மூலையைக் கெடுக்காமல் எப்படித் தீட்டுவது?

சாணைக்கல்:

நேர் வாய்க்குப் பக்கத்துக்கு 20 டிகிரி. 3வி அதைத் தாராளமாகத் தாங்கும், விறகு வேலையில் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு 18-க்குக் கூட இறக்கலாம். முனை வாய்க்கு 22-லிருந்து 25 வரை.

இரண்டையும் இரண்டு தனிக் கத்தி என்றே நினைத்துக்கொள்ளுங்கள். நேர் வாயை முழுக்க முடித்துவிட்டுத்தான் முனைக்குப் போக வேண்டும். நேர் வாயை இழுக்கும்போது மூலை கல்லை விட்டு வெளியே போகக்கூடாது. கல்லின் மேலேயே இழுப்பை நிறுத்தி, கத்தியை நேராக மேலே எடுங்கள். ஓரத்தைத் தாண்டி இழுத்தால் மூலை உருண்டுவிடும். முனை வாய் சின்னது, அதற்குக் கல்லின் பாதி அகலமே போதும், கையைத் திருப்பாமல் நேராக முன்னும் பின்னும். கல் நடுவில் குழிந்திருந்தால் முதலில் அதைச் சமப்படுத்துங்கள். குழிந்த கல்லில் வளைந்த வாயைத் தீட்டிச் சமாளிக்கலாம், டாண்டோவின் நேர் வாயைத் தீட்ட முடியாது.

வாய் ஓரத்தில் முதல் கொஞ்சம் எஃகைத் தாராளமாக எடுத்துவிடுங்கள். ஆலையில் பெல்ட்டில் தீட்டும்போது வாய் ஓரம் சூடேறிப் பதம் இறங்கியிருக்க வாய்ப்பு உண்டு. அதைத் தாண்டி உள்ளே போன பிறகுதான் 3வி என்ன என்று தெரியும். வைரத் தகடு 400 கிரிட்டில் ஆரம்பித்து 1000-ல் நிறுத்துங்கள். அதற்கு மேல் மெருகேற்றினால் கயிறு அறுக்கும்போது வழுக்கும்.